இடப்பக்கம் முதலில்

இன்றைக்குச் சட்டையில் இடது கையையே முதலில் போட்டுவிடலாம் என்று நானாக முடிவு செய்துவிட்டேன். பிசியோதெரபிக்கு வருகிற பெண் பார்த்தால் திட்டுவாள், திட்டட்டும், இனிமேல் அவள் இந்த வீட்டுக்கு வரப்போவதில்லை. வராத கையை முதல்ல சட்டைக்குள்ள விடுங்கம்மா, வர்ற கை தானா வந்துடும், கழட்டும்போது மட்டும் மாத்திக்கோங்க என்று எனக்குப் படித்துப் படித்துச் சொன்னவள் அவள். என் வீட்டுக்காரருக்கு வராத கை வலது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே காலையில் போயின. காபி டம்ளரை எடுக்கப் போன கை பாதி வழியில் நின்றுவிட்டது, அரசி என்று என்னைக் கூப்பிட வாயைத் திறந்தவர் சரி என்றார். என்ன சரி என்று நான் அடுப்படியிலிருந்தே கேட்டேன். சரி சரி என்றார். அதற்குப் பிறகு இந்த இரண்டு வருஷமாக அவர் சொல்வது அது ஒன்றுதான். பசித்தாலும் சரி சரி, சுட்டாலும் சரி சரி, வேண்டாம் என்பதற்கும் சரி சரி, கரண்ட் போனாலும் சரி சரி. அம்பத்தூர்க் கம்பெனியில் ஜப்பான்காரர்கள் சொல்வதை நம் ஆட்களுக்கும், நம் ஆட்கள் சொல்வதை அவர்களுக்கும் காலமெல்லாம் மாற்றி மாற்றிச் சொன்ன மொழிபெயர்ப்பாளர் சிவப்பிரகாசம், இப்போது ஒரே ஒரு சொல்லோடு உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் எதைத் தெரிந்துகொள்வது. போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, உங்களை ஒரு நல்ல இடத்துல கொண்டுபோய் விடலாம்னு இருக்கோம், அங்க ஆள் இருக்காங்க, என்னால முடியலைங்க என்று சொல்லிவிட்டேன். சரி சரி என்றார். அதை நான் எதில் சேர்ப்பது. ஃபேனை நிறுத்தட்டுமா என்று கேட்டாலும் அதே சரி சரிதானே. அவருக்குப் புரிந்ததா, புரிந்து சம்மதித்தாரா, இல்லை வேண்டாம் என்று கத்தினாரா, ஒன்றும் தெரியாமல் இன்று காலையில் நான் அவரை உடுத்திக் கிளப்பிக்கொண்டிருக்கிறேன்.

அவர் ஜப்பானிலிருந்து வாங்கி வந்த பழைய புத்தகத்தைக் கட்டிலின் மேல் விரித்து வைத்திருக்கிறேன். நீலம் மங்கிய அட்டை, நூல் கோத்துத் தைத்த முதுகு, நம் புத்தகத்தில் எது கடைசிப் பக்கமோ அதுதான் இதில் முதல் பக்கம். சாமுராய் கவசம் போட்டுக்கொள்வது எப்படி என்று படம் படமாகச் சொல்கிற புத்தகம். மரப்பலகையில் செதுக்கி அச்சடித்தது, எப்படியும் இருநூறு வருஷத்துக்குக் குறையாது என்று பேச்சு இருந்த நாளில் சொல்வார். பூச்சி அரித்த ஓட்டை ஒன்று முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரைக்கும் போகிறது, அதனால் எல்லாப் படத்திலும் அந்த வீரனுக்கு உடம்பில் எங்கேயாவது ஓர் ஓட்டை இருக்கும். முதல் படத்தில் அவன் கோவணம் கட்டிக்கொள்கிறான். அப்புறம் உள்சட்டை, கால்சட்டை, காலுறை, முழங்காலுக்குக் கீழே கட்டுகிற தகடு, கைக்கு, மார்புக்கு, இடுப்புக்கு, கடைசியில் தலைக்கவசம். முகத்தில் சண்டைக்குப் போகிற களையே கிடையாது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்புகிறவனைப் போலத் தன்பாட்டுக்குக் கட்டிக்கொண்டிருப்பான். எதைப் போட்டாலும் இடப்பக்கம் முதலில், அப்புறம்தான் வலம். நம் வீட்டு வீரனுக்கு முதல் படம் டயப்பர். இடுப்பைத் தூக்குங்க என்றால் இடது காலை ஊன்றிக் கொஞ்சம் தூக்குவார், மிச்சத்தை நான் தூக்க வேண்டும், தூக்கும்போது என் முதுகில் ஒரு இடத்தில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி வைத்தது போல இருக்கும், இன்றைக்கும் இருந்தது. கோவணத்தை ஒழுங்கா கட்டாதவன் போர்க்களத்துல எதிரியைப் பார்க்க மாட்டான் அரசி, குனிஞ்சு குனிஞ்சு கீழயேதான் பார்ப்பான், அப்படின்னு போட்டிருக்கு, என்று ஒரு காலத்தில் அந்தப் படத்தின் ஓரத்து எழுத்தைக் காட்டிச் சொன்னார். அப்படியெல்லாம் அதில் எழுதியிருக்காது, அவர் கைச்சரக்கு. எனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது என்கிற தைரியம். போன் அடித்தது. கயல்தான், எங்கள் பெண், விடிவதற்கு முன்பே எழுந்து, அவரைக் கொண்டுபோய் விடப்போகிற இல்லத்து வேனில் அவளே ஏறி வந்துகொண்டிருக்கிறாள். "அம்மா, தாம்பரம் தாண்டிட்டோம். அப்பாகிட்ட சொல்லிட்டியா?" சொன்னேனேடி போன வாரமே என்றேன். "அவர் எல்லாத்துக்கும்தானே சரிங்கறார். இன்னைக்கு ஒரு தடவை தெளிவா சொல்லிடும்மா, வண்டியைப் பார்த்து மிரண்டுடப் போறார்." சொல்றேன் என்று வைத்துவிட்டேன். எப்படிச் சொல்வது, எதைச் சொல்வது, ஒரு பேச்சுக்குச் சொன்னாலும் திரும்பி வருவது அதே இரண்டு சரிதானே.

ஜப்பானில் நகோயாவுக்கு அவரைப் பயிற்சிக்கு அனுப்பியபோது கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. எல்லாரும் டேப் ரிக்கார்டர் வாங்கி வந்தார்கள், புடவை வாங்கி வந்தார்கள், இவர் இந்தப் பழைய புத்தகங்களைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மழைக்கு ஒதுங்கிய கடையாம், உள்ளே ஒரு சாமுராய் உட்கார்ந்து காலுறை போட்டுக்கொண்டிருந்தானாம், பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டதாம். கத்தியைத் தூக்கிட்டு நிக்கிறவன் படம் எங்க வேணும்னாலும் கிடைக்கும், காலுறை போடறவன் எங்க கிடைப்பான் என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். தன் சட்டைக்கு ஒரு பொத்தான் தைக்கத் துப்பில்லாத மனுஷனுக்குச் சாமுராய் எப்படிச் சட்டை போடுகிறான் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது. ஆனாலும் விட்டாரா, ஞாயிற்றுக்கிழமையானால் என்னைக் கூடத்தின் நடுவில் நிற்க வைத்துவிடுவார். படத்தில் இருப்பது சரியாகப் புரிய வேண்டும் என்றால் யாராவது போட்டுப் பார்க்க வேண்டுமாம். துண்டைச் சுற்றிக் காலில் கட்டுவார், தலையணையை மார்பில் வைத்துக் கொடிக்கயிற்றால் இறுக்குவார், முறுக்குப் பிழிகிற தட்டு தோளுக்கு, அலுமினியச் சட்டி தலைக்கு. இடக்கால் முதல்ல, இடக்கால் என்று அதட்டுவார். எதிர்வீட்டு லதா ஒரு தடவை தயிருக்கு உறை மோர் கேட்டு வந்தவள் என்னைப் பார்த்துவிட்டு மோர் வாங்காமலே போய்விட்டாள், ஒரு வாரம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அன்றைக்குத்தான் அந்தச் சட்டியை என் பாவாடை நாடாவால் தாடைக்குக் கீழே கட்டி முடிச்சுப் போட்டு, கத்தரிக்கோலை எடுத்து முடிச்சுக்குக் கீழே தொங்கிய நுனியை வெட்டிவிட்டார். ஐயையோ என் நல்ல நாடா என்று நான் கத்திய கத்தில் சட்டி கண்ணை மறைத்துக்கொண்டு விழுந்தது. "இது புத்தகத்துல இல்ல, கடைக்காரர் சொன்னது. திரும்பி வரப்போறதில்லன்னு தீர்மானம் பண்ணினவன் இப்படித்தான் நுனியை வெட்டிடுவானாம். அவிழ்க்கத்தானே நுனி வேணும். இவனுக்கு அவிழ்க்கிற வேலையே இல்ல. அப்புறம் எதிரி அந்தத் தலையை எடுத்துப் பார்ப்பான் இல்ல, பார்த்ததும் தெரிஞ்சுக்குவான், இவனை யாரும் அனுப்பல, தெரிஞ்சு தானா வந்திருக்கான்னு." நல்லாயிருக்கு உங்க கதை, இப்ப என் நாடாவுக்கு யார் பதில் சொல்றது என்றேன். இதையெல்லாம் எப்படிக் கழட்டறது, அதுக்குப் படம் எங்க என்றும் கேட்டேன். அவர் கடைசித் தாள் வரை புரட்டிப் பார்த்தார். இல்ல அரசி, கழட்டறதுக்குப் படமே போடல இவங்க, என்று அவருக்கே அது அப்போதுதான் தெரிந்ததுபோல் சொன்னார்.

சட்டையை எடுத்தேன். இடது கையை நான் கேட்கும் முன்பே நீட்டிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் இதே சட்டைக்காக எங்களுக்குள் நடந்த சண்டை கொஞ்சநஞ்சம் இல்லை. நான் வலது கையைப் பிடித்து நுழைக்கப் போவேன், இவர் இடது கையைக் குறுக்கே கொண்டுவருவார், சரி சரி சரி என்று முகம் சிவக்கக் கத்துவார், நான் அந்தக் கையைத் தட்டிவிடுவேன். ஆமாம், தட்டிவிடுவேன், ஓங்கியே தட்டியிருக்கிறேன். மூளையில் அடிபட்டால் பிடிவாதம் வரும் என்று டாக்டர் சொன்னதை நம்பி, பிடிவாதம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அலமாரியைத் துடைக்கும்போது இந்தப் புத்தகத்தை எடுத்துச் சும்மா விரித்தேன், அந்த ஆள் இடது கையில் தகட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வலது கை வெறும் கையாக நிற்கிற படம், துடைக்கிற துணியோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவர் பிடிவாதம் பிடிக்கவில்லை, ஒழுங்காக உடுத்திக்கொள்ளத்தான் பார்த்திருக்கிறார். தலைக்குள் எல்லாம் அழிந்துபோனதோ இல்லையோ, இடப்பக்கம் முதலில் என்பது அழியவில்லை. அதற்குப் பிறகும் நான் வலது கையைத்தான் முதலில் போட்டேன், பிசியோதெரபிப் பெண் சொன்னதுதான் உடம்புக்கு நல்லது, மூட்டு நழுவிவிடும் என்று பயம். ஆனால் தட்டிவிடுவதை நிறுத்திவிட்டேன், அவரும் கொஞ்ச நாளில் கத்துவதை நிறுத்திவிட்டார். இன்றைக்கு இடது கையில் சட்டை ஏறியதும் அவர் தோள் தளர்ந்ததைப் பார்த்தேன். வராத கையை அப்புறம் பின்னால் வளைத்து நுழைப்பது லேசான வேலையில்லை, விரல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பிடித்து, முழங்கையைத் தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக. வலித்திருக்கும். சத்தம் போடவில்லை. வலித்தால் இவருடைய சரி வேகமாக, மூச்சு முட்டுகிற மாதிரி வரும். பாத்ரூமுக்கு என்றால் இழுத்து வரும், தண்ணீர் வேண்டும் என்றால் மெல்ல, பாதியில் நின்றுவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும், அங்கே யாருக்குத் தெரியும். அங்கே ஒருத்தன் கொதிக்கிற கஞ்சியை வாயில் வைப்பான், இவர் சரி சரி என்பார், தாத்தா சமர்த்து, எதுக்கும் சரின்னுடுவார் என்று அவன் அடுத்த கரண்டியை வைப்பான். ராத்திரியெல்லாம் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், கஞ்சியும் கரண்டியும், கஞ்சியும் கரண்டியும்.

கீழே கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு நின்று யாரோ செருப்பு தொலைந்துபோனதைப் பற்றி அறிவிக்கிறார்கள். ஜன்னலில் பனி இன்னும் விலகவில்லை. கால்சட்டை எலாஸ்டிக் வைத்ததாக இருக்க வேண்டும் என்று அந்த இல்லத்தில் சொல்லிவிட்டார்கள், நாடா கட்டி அவிழ்க்க அங்கே ஆளுக்கு நேரமில்லையாம். நேரமில்லை என்று கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது, ஆனால் நான் யார் அதைச் சொல்ல, எனக்கு நேரம் இருந்தது, உடம்பு இல்லை. குளிப்பாட்டும்போது இருவரும் சேர்ந்து விழுந்தோமே, அன்றைக்கே தெரிந்துவிட்டது. வழுக்கினது நான்தான், என்னைப் பிடித்துக்கொண்டிருந்தவர் என் மேலேயே விழுந்தார், எழுந்திருக்க முடியவில்லை, குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. இவர் அலமாரியில் இன்னொரு புத்தகம் உண்டு, சாமுராய்க்கு நீச்சல் கற்றுத்தருகிற புத்தகம். கவசத்தோடு நீந்துவது, வில்லைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நீந்துவது, தண்ணீரில் மிதந்துகொண்டே தாளில் எழுதுவது என்று ஒவ்வொன்றுக்கும் படம். அதில் ஒருத்தனைக் கையையும் காலையும் கட்டித் தண்ணீரில் போட்டிருப்பார்கள், அவன் முகத்தை மட்டும் மேலே வைத்துக்கொண்டு நீந்துவான். இது எதுக்குங்க, இப்படிக் கட்டிப்போட்டா எவன் பிழைப்பான் என்று அப்போது கேட்டேன். பிழைக்கிறதுக்குத்தான் பழகறான் என்றார். பாத்ரூம் தரையில் அவருக்கு அடியில் கிடந்தபோது எனக்கு அந்தப் படம்தான் ஞாபகம் வந்தது, தண்ணீர் காதுக்குள் போகிறது, இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளப் பார்க்கிறார், சரி சரி என்கிறார், நான் லதா லதா என்று கத்துகிறேன். லதா வருவதற்குள் என் கழுத்து வரைக்கும் குளிர் ஏறிவிட்டது. அவர் தன் நல்ல கையை என் தலைக்கு அடியில் கொடுத்திருந்தார், தரையில் படாமல். அது வேண்டுமென்றே கொடுத்ததா, விழுந்த வாக்கில் அங்கே மாட்டிக்கொண்டதா, அதுவும் எனக்குத் தெரியாது. கேட்டேன். சரி சரி என்றார். மறுநாளே கயல் வந்துவிட்டாள், "உங்க ரெண்டு பேரையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கும்மா" என்று அழுதாள், நான் ஒத்துக்கொண்டேன். எல்லாரும் என்னை ஒத்துக்கொள்ள வைத்தார்கள் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன், உண்மையில் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. முழுசாக ஒரு ராத்திரி தூங்கலாம் என்று வந்த நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் என் முகத்தில் நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது, ஆனாலும் தூக்கம் என்றதும் கண் சொக்குகிறது.

காலுறையை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன், இடது கால், அப்புறம் வலது. வலது பாதம் எப்போதும் ஜில்லென்று இருக்கும், இரண்டு கையாலும் தேய்த்துவிட்டுப் போட்டேன். காலுறையின் உள்பக்கம் அவர் பெயர். ஒவ்வொரு துணியிலும் பெயர் தைத்து அனுப்பச் சொன்னார்கள், இல்லாவிட்டால் துவைக்கும் இடத்தில் கலந்துவிடுமாம். வெள்ளை நாடாவில் எழுதி, துண்டு துண்டாக வெட்டி, மத்தியான வேளையில் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு வாரமாகத் தைத்தேன். சட்டைக்கு, கால்சட்டைக்கு, துண்டுக்கு, பனியனுக்கு. அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். சின்ன வயதில் கயலை ஹாஸ்டலில் விட்டபோது இப்படித்தான் தைத்தேன், அப்போதும் இவர் பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்குப் படிக்க முடிகிறதா இல்லையா என்று டாக்டருக்கே சந்தேகம், பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருக்கிற நாளும் உண்டு. பெயரைப் படித்தாரோ என்னவோ. ஒரு தடவை ஊசியில் நூல் கோக்க வராமல் நான் தடவிக்கொண்டிருந்தபோது கையை நீட்டி என் கண்ணாடியைத் துடைக்கச் சொல்வது போல ஜாடை காட்டினார், துடைத்தேன், நூல் கோத்துக்கொண்டது. உங்களை அனுப்பத்தானே தைக்கிறேன், அதுக்கு நீங்களே ஒத்தாசையா என்று மனசுக்குள் கேட்டேன். வாய்விட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை. மறுபடி போன். "பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்துல வந்துட்டோம்மா, டிராபிக்ல நிக்கிறோம். டிரஸ் பண்ணிட்டியா? சொல்லிட்டியா?" இதோ சொல்றேன் என்றேன். அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு அவரைப் பற்றிப் போனில் பேசுவது எத்தனை அசிங்கம், இரண்டு வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். போனை வைத்துவிட்டு, என்னங்க என்றேன். பார்த்தார். கயல் வண்டி எடுத்துட்டு வர்றா, நாம அங்க போகணும், நீங்க அங்க இருக்கணும், நான் வாராவாரம் வருவேன், உங்களுக்குச் சம்மதமா. கேட்டுவிட்டேன், கடைசி வரைக்கும் கேட்டுவிட்டேன். அவர் வாயைத் திறந்தார், நாக்கு எதையோ தேடியது, நான் அவர் வாயையே பார்த்தேன், ஒரே ஒரு தடவையாவது வேறு ஏதாவது வரட்டும், வேண்டாம் என்று வந்தாலும் வரட்டும், போடி என்று வந்தாலும் வரட்டும். சரி சரி என்றார்.

இனி ஒன்றுதான் பாக்கி, குல்லா. கயல் சிம்லா போனபோது வாங்கி வந்தது, காதை மறைக்கிற கம்பளிக் குல்லா, தாடைக்குக் கீழே கட்ட இரண்டு பக்கமும் நீளமாகக் கயிறு தொங்கும். மார்கழிக் குளிரில் வேன் காற்று காதில் அடிக்குமே என்று எடுத்து வைத்தேன், அதற்கும் பெயர் தைக்க மறந்து இன்று காலையில்தான் தைத்தேன், கத்தரிக்கோல் இன்னும் கட்டிலிலேயே கிடக்கிறது. தலையில் வைத்துக் கயிற்றைச் சுருக்கு முடிச்சாகப் போட்டேன், இழுத்தால் வந்துவிடும், அங்கே அவிழ்ப்பவர்களுக்கும் சிரமம் இருக்காது. அவர் இடது கையைத் தூக்கிச் சுருக்கை இழுத்து அவிழ்த்துவிட்டார். ஆரம்பிச்சாச்சா உங்க விளையாட்டை, வண்டி வந்துடும் என்று மறுபடி போட்டேன். மறுபடி அவிழ்த்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. சரி, இதுக்கு என்ன பண்ணுவீங்க பார்க்கலாம் என்று இழுத்து இரட்டை முடிச்சாகவே போட்டுவிட்டேன். முடிச்சைத் தடவிப் பார்த்தார். திருப்தியாக இருந்தது போலிருக்கிறது, கையை எடுத்துக்கொண்டார். தெருமுனையில் வேன் பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டது, டிக் டிக் டிக் என்று. ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன், வெள்ளை வேன், கயல் இறங்கி ஆட்டோக்காரரை ஓரம் போகச் சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பினேன். அவர் கத்தரிக்கோலை எடுத்து மடியில் வைத்திருந்தார். ஐயோ, கையைக் குத்திக்கப் போறீங்க, குடுங்க என்று ஓடிவந்தேன். கொடுத்தார். கூர்ப்பக்கத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பிடியை என் பக்கம் நீட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு மேஜையில் வைக்கப் போனேன். என் புடவையைப் பிடித்து இழுத்தார். பிடித்த கையை விட்டுவிட்டு, மோவாயை மேலே தூக்கி, முடிச்சுக்குக் கீழே தொங்கிய இரண்டு கயிற்றையும் விரல்களுக்கு நடுவில் சேர்த்து எனக்கு நேராக நீட்டினார்.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் பார்த்த கணமே புரிந்துவிட்டது. சட்டியும் முறுக்குத் தட்டும் என் பாவாடை நாடாவும் எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் விழுந்தன. வேணாங்க என்றேன். நீட்டிய கை அப்படியே இருந்தது. நீங்க வந்துடுவீங்க, பொங்கலுக்குக் கூட்டிட்டு வர்றேன், என் முதுகு சரியாயிடட்டும் என்று என்னென்னவோ சொன்னேன், எல்லாம் வாய்க்கு வந்தது, பொய். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே சரி என்றார். ஒரு தடவைதான். இரண்டு வருஷத்தில் நான் கேட்காத சரி அது, இழுக்கவில்லை, முட்டவில்லை, பாதியில் நிற்கவில்லை. இந்த மனுஷனுக்கு எல்லாம் தெரியும். பெயர் தைத்தது தெரியும், போனில் பேசியது தெரியும், ராத்திரி நான் தூங்காமல் புரண்டது தெரியும், தூக்கம் என்றதும் எனக்கு வந்த நிம்மதியும் தெரிந்திருக்கும். நான் இவரை எங்கேயோ கொண்டுபோய் விடுகிறேன் என்று ஒரு வாரமாக என்னை நானே பிய்த்துக்கொண்டிருக்கிறேன், இவர் என்னடாவென்றால் என்னை யாரும் அனுப்பல, நானாத்தான் போறேன் என்று ஒரு கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு சொல்கிறார். இதை நான் மறுத்தால் இவரிடம் மிச்சம் இருக்கிற ஒன்றையும் பிடுங்கிக்கொண்டவள் ஆவேன். கண் மறைத்தது, குத்திவிடுமோ என்று பயந்து அவர் தாடைக்கும் முடிச்சுக்கும் நடுவில் என் விரலை வைத்துக்கொண்டேன். இடது கயிற்றை முதலில் வெட்டினேன், அப்புறம் வலது. கம்பளி நூல் சுலபத்தில் அறுபடவில்லை, கத்தரிக்கோல் இரண்டு மூன்று தடவை மென்றுதான் வெட்டியது. வெட்டி முடித்ததும் அவர் மோவாயை இறக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார், நான் அவர் மடியில் தலையை வைத்து அழுதேன், அவர் என் தலையில் கை வைத்திருந்தார்.

கயல் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள், பின்னால் வேன் ஆட்கள் இருவர் சக்கர நாற்காலியை இடித்து இடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அப்பா எவ்ளோ அழகா கிளம்பியிருக்கார் பாரு என்று கயல் குழந்தையிடம் பேசுகிற குரலில் சொன்னாள், அவர் அவளைப் பார்த்துச் சரி சரி என்றார், பழைய சரி சரி. கயல் என் காதோரம் வந்து, "சொல்லிட்டியாம்மா?" என்றாள்.

"அவரே சொல்லிட்டார்."

அவளுக்கு அது காதில் விழுந்ததோ இல்லையோ, ரொம்ப இறுக்குது போலிருக்கே என்று குனிந்து குல்லா முடிச்சில் விரலைக் கொடுத்து நுனியைத் தேடினாள். கிடைக்கவில்லை. குல்லாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னம்மா இது, கயித்தை ஒட்ட வெட்டி வச்சிருக்கே. அங்க இதை எப்படிக் கழட்டுவாங்க?"

என் கைக்குள் இரண்டு நுனியும் இருந்தன. கட்டிலில் புத்தகம் அதன் கடைசிப் படத்தில் திறந்தே கிடந்தது.

"கழட்டறதுக்குப் படம் இல்ல கயல்" என்றேன்.